வளைவில் நாலு மீட்டர்

மூன்று நாள் விடாமல் பெய்த மழை புதன்கிழமை விடியும்போதுதான் சற்று ஓய்ந்தது. ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வேன் கீழே ரோட்டிலிருந்து திரும்பி மேடேறும் சத்தம் கேட்டது. தையல்காரி தன் கணவரின் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். முதல் கியரில் சீராக ஏறிவந்த சத்தம் வளைவுக்கு வந்ததும் முக்கியது, உறுமியது, பிறகு அடங்கிவிட்டது.

"எறங்கிடுச்சு" என்றார் அவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

"எது?"

"வேனு. பின்சக்கரம். எடது பக்கம்."

அவள் வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். அவர் சொன்னபடியேதான். இடதுபுறப் பின்சக்கரம் பாதிக்குமேல் பாதைக்குள் புதைந்து, வண்டி முதுகு வளைந்த மாடு போல ஒருக்களித்து நின்றது. வேன்காரன் இறங்கி முழங்கால்வரை சேற்றோடு நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர் அவர். அக்கம்பக்கத்தில் இன்னும் லாரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். சத்தத்தை வைத்தே சக்கரத்தைச் சொல்வது அவருக்குப் பெரிய காரியமில்லை. அதனால் அவளும் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இடையில் உடம்பில் சேருகிற தண்ணீருக்குப் போக வழி கிடையாது. கால் வீங்கும், பிறகு மூச்சுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். வீடு மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து நாற்பது மீட்டர். நடந்தே ஏறி இறங்குகிற கால் அவருக்குப் போய்விட்டது. வேன் வாசல்வரை வந்தால்தான் உண்டு.

கீழே சைக்கிள் கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு மூலைக்கு நாலு பேராகத் தூக்கினார்கள். நாலாவது ஆள் அவள்தான். பாதி இறங்கியதும் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடைக்காரருக்குக் கால் வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய, லாரிக்காரர் வேன்காரனின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்துக்கொண்டார். ரோட்டுக்கு வந்து வாடகைக் காரில் ஏற்றும்வரை அந்தப் பிடியை விடவில்லை. காலர் கிழிந்தே போய்விட்டது.

ஒன்றரை மணி நேரம் தாமதம். அவருடைய மெஷினுக்கு அடுத்த ஆள் காத்திருந்ததால் இரண்டரை மணி நேரத்தில் அவரைக் கழற்றிவிட்டார்கள். நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கி சமாளிச்சாச்சு. ஆனா இப்படி அரைகுறையா இன்னொரு தடவ போச்சுன்னா தாங்காதும்மா. வெள்ளிக்கெழம முழு நாலு மணி நேரம் ஆகணும். எப்படியாவது டயத்துக்குக் கொண்டாந்துடுங்க."

வேன்காரன் போனில் இன்னொன்று சொன்னான். கிரேன் வைத்து வண்டியை எடுத்துவிட்டார்களாம். பாதை சரியாகிற வரைக்கும் மேலே ஏறக்கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். "நான் என்னக்கா பண்றது? வண்டி என்னுதா?" என்றான். அவனையும் குறை சொல்வதற்கில்லை.

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே, பாதை போட்டுக்கொடுத்த தரைக்காரருக்குப் போன் போட்டாள்.

அந்தப் பாதை போட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு சிமெண்டுப் பட்டை. அடியில் இருப்பது களிமண். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். சிமெண்டு இரண்டு வருடத்தில் பிஸ்கட் மாதிரி உடைந்து கிடந்தது. யாரைக் கேட்டாலும் இன்னும் கனமாகச் சிமெண்டு போடுங்கள் என்றார்கள். தரைக்காரர் ஒருவர்தான் வேறு சொன்னார். தையல்மெஷின் பக்கத்தில் இருந்த பொத்தான் டப்பாவை எடுத்து, ஒரு கை பொத்தானை மேசைமேல் குவித்தார்.

"அமுக்குங்கக்கா."

அவள் உள்ளங்கையால் அமுக்கினாள். பொத்தான்கள் நாலாபக்கமும் ஓடின.

"இப்ப இதுல." அதே பொத்தான்களை டப்பா மூடிக்குள் போட்டு நிரவினார். "எவ்வளவு வேணாலும் அமுக்குங்க. எங்க போகும்? பக்கத்துல ஓட வழியில்லேன்னா கல்லும் கெட்டியா நிக்கும். இத மாதிரி ஆயிரம் மூடிய ஒண்ணா ஒட்டிப் பாதை பூரா பரப்புனா எப்படியிருக்கும்? அதான் வேல."

அந்த ஆயிரம் மூடிக்குப் பெயர் கூடு. தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக இருக்கும் பிளாஸ்டிக். வரும்போது துணிக்கட்டு போலத் தட்டையாக மடிந்து வரும். இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்துகொண்டே போகும்.

மூன்று நாள் வேலை. புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் செய்தார்கள். முதல் நாள் உடைந்த சிமெண்டை வாரி, ஒரு முழம் ஆழத்துக்குக் களிமண்ணை வெட்டி எடுத்தார்கள். இரண்டாம் நாள் அடிமண்ணைத் தட்டி, அதன்மேல் கறுப்பாக, கம்பளி போல இருந்த துணியை விரித்தார்கள். தண்ணீர் துணி வழியாக இறங்கும், சேறு துணியைத் தாண்டி மேலே வராது. துணிமேல் ஒரு சாண் கனத்துக்கு ஜல்லி. அதன்மேல் கூட்டை விரித்து, ஓரங்களில் இரும்பு முளை அடித்தார்கள். மூன்றாம் நாள் லாரி லாரியாக ஜல்லி வந்து கூட்டுக்குள் இறங்கியது. உருண்டைக் கல்லில்லை, முனை முனையாக உடைத்த கல். அதன்மேல் தரைக்காரர் மனைவி கல்லைத் தட்டி இறுக்குகிற தட்டு மெஷினை ஓட்டினாள். ஒல்லியான பெண்பிள்ளை. மெஷின் குதிக்கிற குதியில் அவள் பல்லெல்லாம் கடகடவென்று ஆடும். ஆனால் பிடி மட்டும் அசையாது.

லாரிக்காரர் மூன்று நாளும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான். ஜல்லி லாரி பின்னால் வரும்போது உள்ளேயிருந்தே, "வா, வா, வா, லேசா ஒடி, போதும்" என்று குரல் கொடுப்பார். அந்த லாரிக்காரனும் அதைக் கேட்டே ஓட்டினான். நோய் வந்தபிறகு அவர் முகத்தில் அவ்வளவு ஈடுபாட்டை அவள் பார்த்ததில்லை. பாதை போட்டது அதற்காகவே தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை நாலரைக்கு அவரை மறுபடி நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து வீடு சேர்த்தார்கள். ஐந்து மணிக்குத் தரைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தரைக்காரர் குடையை மடக்கி ஜன்னலுக்கு வெளியே சாத்திவிட்டு வளைவில் போய்க் குந்தி உட்கார்ந்தார். பள்ளத்தில் கையை விட்டார். கை முழங்கைவரை போயிற்று. வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் மஞ்சளாகக் களி வழிந்தது. அதில் நான்கைந்து ஜல்லி.

"ஏதோ பெரிய லோடு வண்டி ஏறியிருக்குக்கா" என்றார்.

"எங்க வீட்டுக்கு எந்த லோடு வண்டி வரும்? யூனிபார்ம் துணிகூட ஸ்கூட்டர்லதான் வருது."

"இல்லக்கா, இந்த வருஷம் மழையும்..."

"மழை இங்க மட்டுமா பெஞ்சுது? கீழயும் பெஞ்சுது, மேலயும் பெஞ்சுது. அங்கல்லாம் நல்லாத்தானே நிக்குது? நான் காலையில நடந்து பாத்தேன் தம்பி. இந்த எடம் மட்டுந்தான் கொழகொழன்னு இருக்கு."

"அது வளைவுல்ல. சக்கரம் திரும்புற எடத்துல அழுத்தம் கூட. ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கி ரெண்டு நட ஜல்லி கொண்டாந்து கொட்டி..."

தரைக்காரர் மனைவி பாதையோரம் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டாத தம்பி" என்று குரல் வந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. லாரிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரைகுறைச் சுத்திகரிப்பில் முகம் ஊதி, கண் சிறுத்திருந்தது.

"எவ்வளவு கல்லு கொட்டுனாலும் களி முழுங்கிடும். அடியில துணியில்லயே."

தூறல் மட்டும் குடைத்துணியில் டப் டப்பென்று விழுந்தது.

"அந்தப் பெரிய கல்லுலருந்து இந்தப் பக்கம் நாலு மீட்டர். அளந்துகூடப் பாக்க வேணாம். ரெண்டு முனையிலருந்தும் விரிச்சுக்கிட்டு வந்த துணி அங்க முடிஞ்சுபோச்சு. நீ கொஞ்ச நேரம் நின்ன. வானத்தப் பாத்த. ஜல்லி லாரி ஆரன் அடிச்சான். அப்பறம் அப்படியே கொட்டச் சொல்லிட்ட."

தரைக்காரர் எழுந்தார். கையில் இருந்த களியைத் துடைக்க இடம் தேடுபவர் போலச் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் தன் பேண்டிலேயே துடைத்துக்கொண்டார்.

"ஆமாண்ணே" என்றார் மெதுவாக. "ரோல்ல அளவு கொறஞ்சுபோச்சு. வேற ரோல் எடுக்கணும்னா டவுனுக்குப் போகணும். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. தோண்டுன பள்ளத்துல தண்ணி நின்னா ரெண்டு நாள் வேலயும் போச்சு. நாலு மீட்டர்தானேன்னு..."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அவர் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள்.

"சொன்னா. இல்லேங்கல." அவர் தலையைத் தூக்கினார். குரலில் ஒரு பிடி கிடைத்தாற்போல இருந்தது. "ஆனா அண்ணே, நீங்க பாத்துக்கிட்டேதான இருந்தீங்க? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"யோவ்" என்றாள் மனைவி. "வாய மூடு."

ஆனால் வார்த்தை வந்துவிட்டது. தையல்காரி தரைக்காரரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் சும்மா இருந்தீங்களா?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தரைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ பெரிதாகத் திறந்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. "அக்கா, நாளைக்கி விடிஞ்சதும் வந்துடறேன். நாலு மீட்டரும் தோண்டி எடுத்துப் புதுசாப் போட்டுத் தரேன்" என்றார்.

"வாங்க" என்றாள். "தம்பி, நீங்க செஞ்சது தப்பு. அது ஒங்க தப்பு. அவரு செஞ்சது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க."

அவர்கள் போனபிறகு அவள் உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட யூனிபார்ம், நாற்பது பாவாடை, திங்கள்கிழமை கொடுக்கவேண்டியது. ஒன்றை எடுத்து இடுப்புப் பட்டி வைத்து ஓட்டினாள். முழுக்க ஓட்டி எடுத்தபோது பட்டி கையோடு வந்துவிட்டது. ஊசியில் நூலே இல்லை. துணியில் வரிசையாக ஓட்டை மட்டும் விழுந்திருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டுதானிருந்தார்.

ஏழு மணிக்கு அவருக்குச் சாப்பாடு கொடுத்தாள். காயை இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தண்ணீரையும் கொட்டி, உப்பில்லாமல், ருசி என்று ஒன்றும் மிஞ்சாமல் செய்வது. பக்கத்தில் அன்றைய தண்ணீரில் மிச்சம், கால் டம்ளர். வழக்கமாக அவர் ஏதாவது கேலி பேசுவார். வெளியே ஊரே மிதக்கிறது, எனக்குக் கால் டம்ளர் என்பார். அன்றைக்குப் பேசவில்லை. அவளும் எதிரில் உட்கார்ந்திருந்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. தட்டு பாதி காலியானபோது அவராகவே ஆரம்பித்தார்.

"மழைக்காலம் வந்தா அந்த எடம் நிக்காதுன்னு தெரியும்."

"ம்."

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். ஜன்னலத் தட்டக் கையும் தூக்கிட்டேன். அப்பறம் தோணுச்சு... இருக்கட்டும். போற அன்னிக்கிப் போகட்டும்னு."

"போகட்டும்னா? எது போகட்டும்?"

"ரோடு." அவர் தட்டில் விரலால் கோடு இழுத்தார். "ரோடு போனா வேன் வராது. வேன் வரலேன்னா நானும் போக வேண்டியதில்ல. யாரு மேலயும் குத்தமில்ல பாரு. நீயும் ஒன்னால ஆனதெல்லாம் செஞ்ச. நானும் மாட்டேன்னு சொல்லல. ரோடு போச்சு, அவ்வளவுதான்."



"எத்தன நாளா இந்த நெனப்பு?"

"பக்கத்துப் பெட்டுல ஒரு தபால்காரர் இருந்தாரே. அவரு போனதுலருந்து. அவரு பெட்டுல மறுநாளே வேற ஆளு. அதே போர்வ. வாரத்துல மூணு நாளு ஊசி, மூணு நாளு அசதி, ஒரு நாளு மட்டும் கொஞ்சம் மனுஷனா இருக்கேன். அந்த ஒரு நாளும் நீ மெஷின்ல குனிஞ்சு கெடக்குற. எனக்காகத்தான் கெடக்குற. போதும்னு தோணிடுச்சு."

"போதும்னா என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "முப்பது வருஷம் ஒண்ணா இருந்திருக்கோம். என்கிட்ட சொல்லாம ரோட்டுகிட்ட சொல்லிட்டு ஒக்காந்திருக்கீங்க. நாலு மாசம். நான் தெனமும் காலையில அந்தப் பாதையத்தான் கூட்டினேன். எல கெடந்தாக்கூட வழுக்குமேன்னு. நீங்க இந்த ஜன்னல்லருந்து அதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒங்களுக்கு என்ன தெரியும்?" எழுந்து தட்டை எடுத்தவள் மறுபடி வைத்துவிட்டாள். "அப்படி வேணாம்னு இருந்தவரு, இப்ப எதுக்குச் சொன்னீங்க? தரைக்காரரு பாட்டுக்கு ரெண்டு நட ஜல்லி கொட்டிட்டுப் போயிருப்பாரு. வெள்ளிக்கெழம மறுபடி எறங்கியிருக்கும். நீங்க நெனச்சது நடந்திருக்கும்."

அவர் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"இன்னிக்கிக் காலையில நாற்காலி சாஞ்சுதே, அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? சரி, இதான் அது, வந்துடுச்சு, பேசாம இருப்போம்னுதான் நெனச்சேன். ஆனா என் கை போயி அந்தப் பையன் காலரப் புடிச்சுக்கிச்சு. நான் புடிக்கல. கை புடிச்சுது. கார்ல ஏத்துனப்ப வாய்லருந்து என்ன வந்துச்சு தெரியுமா?"

"சீக்கிரம் போங்கன்னீங்க. மூணு தடவ சொன்னீங்க."

"ஆங். மூச்சு முட்டுனப்ப எனக்குத் தபால்காரரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீக்கிரம் போங்க. அவ்வளவுதான்." லேசாகச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இத்தன நாளு நெனச்சதெல்லாம் மூச்சு நல்லா இருக்குறப்ப நெனச்சது."

"இப்ப வேணுமா?"

"வேணும்."

"எதுவரைக்கும்?"

"தெரியல. நாளைக்கே மறுபடி வேணாம்னு தோணலாம். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"தோணட்டும். தோணுறத நான் தடுக்க முடியாது. ஆனா அன்னிக்கி என்கிட்ட சொல்லணும். மொதல்ல என்கிட்ட."

"சொல்றேன்."

"நான் அழுவேன், திட்டுவேன். அதுக்காகச் சொல்லாம இருக்கக்கூடாது."

"சொல்றேன்னேன்ல" என்றார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே தரைக்காரரும் மனைவியும் வந்துவிட்டார்கள். துணி ஒரு முழு ரோல் கொண்டுவந்திருந்தார். நாலு மீட்டருக்கு முழு ரோல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முதலில் வளைவுக்கு மேலே நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் பள்ளத்துக்கு வராமல் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி ஓரமாகத் திருப்பினார்கள். பிறகு தோண்டினார்கள்.

ஜல்லியும் களியும் பிரிக்க முடியாமல் குழைந்து கிடந்தன. கூட்டின் ஒவ்வொரு கண்ணிலும் கீழேயிருந்து களி ஏறி மேல்விளிம்புவரை நிரம்பியிருந்தது. ஒவ்வொரு வண்டி ஏறி இறங்கும்போதும் கல் கொஞ்சம் கீழே போக, களி கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. மண்வெட்டி போட்டால் இழுக்க வரவில்லை. தரைக்காரர் மண்டிபோட்டுக் கையாலேயே வாரி வாரி வெளியே எறிந்தார். அவர் மனைவி ரம்பத்தால் பழைய கூட்டை அறுத்து நல்ல பகுதியிலிருந்து பிரித்தாள். தையல்காரி கூடைகூடையாகச் சேற்றைச் சுமந்து ஓரத்தில் கொட்டினாள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாள். தரைக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"அண்ணே, நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"வேலயப் பாருப்பா. அந்த ஓரத்துல இன்னும் கொழகொழன்னு இருக்கு. நாலு வெரக்கடை எடுத்துடு."

"எடுத்துடறேன். நாலு மாசமா இந்தப் பக்கம் போறப்பெல்லாம் தலையத் திருப்பிக்கிட்டே போவேன்ணே. ரோட்டுலருந்து இந்த வளைவு தெரியும்."

"நானும் இதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் லாரிக்காரர். "நீ பாக்காம இருந்த. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். போ, டீ ஆறுது."

பன்னிரண்டு மணிக்குக் கெட்டி மண் தட்டியது. புதுத்துணியை விரித்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பழைய துணி இருபுறமும் கையகலம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு முழமாவது படிந்தால்தான் இந்தக் களியில் பிரியாமல் இருக்கும். அதற்கு நன்றாக நிற்கிற பாதையை இருபுறமும் இன்னும் ஒரு மீட்டர் கிளற வேண்டும். கிளறினால் இன்று முடியாது. நாளை வெள்ளிக்கிழமை.

"தைச்சா?" என்றாள் தையல்காரி.

தரைக்காரர் அவளைப் பார்த்தார். "பெரிய வேலையில தைப்பாங்கக்கா. அதுக்குத் தனி மெஷின் இருக்கு. நம்மகிட்ட..."

"கோணி ஊசி இருக்கு. நைலான் நூலு இருக்கு."

மூன்று மீட்டர் அகலம், இரண்டு பக்கம். பள்ளத்துக்குள் இறங்கி, முழங்காலுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டு விளிம்பையும் சேர்த்து மடித்து, உள்மடிப்புத் தையல். தரைக்காரர் மனைவி எதிரில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி துணிக்குள் எளிதாக இறங்கியது, நூல்தான் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. தார்ப்பாய்மேல் மழை கொட்டியது.

"எங்க வீட்டுலயும் இப்படித்தாங்க்கா" என்றாள் அவள் திடீரென்று, தலை நிமிராமல். "மனசுல இருக்குறதச் சொல்லவே மாட்டாரு. இந்த நாலு மீட்டர் பத்தி ஒருநாள் வாயத் தொறந்து பேசல. ஆனா மழை பெஞ்சா எழுந்து ஒக்காந்துக்குவாரு. நானும் கேக்கல. கேட்டா நான்தான் சொன்னேனேன்னு ஆயிடும்ல."

"இறுக்கிப் புடி" என்றாள் தையல்காரி. பிறகு, "நானும் கேட்டிருக்கணும்" என்றாள். "ஜன்னல்லயே ஒக்காந்திருக்காரே, நல்லாத்தான் இருக்காருன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

மூன்று மணிக்குத் தையல் முடிந்தது. தரைக்காரர் விரலை விட்டு ஒவ்வொரு சாணாக இழுத்துப் பார்த்தார், ஒரு இடமும் விடவில்லை. அடி ஜல்லியைப் பரப்பித் தட்டினார்கள். புதிய கூட்டை விரித்து, பழைய கூட்டின் அறுத்த விளிம்போடு கண்ணுக்குக் கண் கம்பி போட்டு முறுக்கினார்கள். உடைத்த கல்லை விளிம்புக்கு மேலே நாலு விரல் நிற்கிற அளவுக்கு நிரப்பினார்கள். தரைக்காரர் மனைவி தட்டு மெஷினைக் கிளப்பினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசைமேல் பொத்தான்கள் அதிர்ந்தன. நான்கு முறை போய்வந்து அவள் நிறுத்தியபோது தெருவே அமைதியானது மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வேன் வந்து கீழே ரோட்டிலேயே நின்றுவிட்டது. வேன்காரன் நடந்து மேலே வந்தான், புதுச் சட்டை போட்டிருந்தான்.

"இல்லக்கா, மறுபடி எறங்குச்சுன்னா எனக்கு வேல போயிடும். தூக்கிக்கிட்டே போயிடலாம், நானும் புடிக்கிறேன்."

தரைக்காரரும் மனைவியும் விடியுமுன்பே வந்திருந்தார்கள். மனைவி கீழே போய், மிச்ச ஜல்லியோடு ரோட்டோரம் நின்ற தங்கள் சின்ன லாரியில் ஏறிக் கிளப்பினாள். பாதையில் திருப்பி ஏற்றி, சரியாக வளைவில் கொண்டுவந்து நிறுத்தினாள். பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். வேன்காரன் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். சுற்றிவந்து பார்த்தான். உதைத்தும் பார்த்தான். ஜல்லி ஓரமாகக்கூட நகரவில்லை.

"ஒரு நிமிஷம் போதுமா, இன்னும் நிக்கணுமா?" என்றாள்.

"எடுங்கக்கா, எடுங்க" என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

வேன் மேடேறியது. முதல் கியரில் சீராக, வளைவில் திரும்பி, வாசலில் வந்து நின்றது. ஆறு ஐம்பது. தரைக்காரரும் வேன்காரனும் லாரிக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் இருந்தது. கால் பாதம் செருப்புக்குள் போகவில்லை. தையல்காரி கம்பளியை அவர் முழங்காலில் போர்த்தி, மருந்துப் பையைப் பக்கத்தில் வைத்தாள். அவள் கதவைச் சாத்தப் போகும்போது அவர் அதைக் கையால் தடுத்தார்.

"இந்தா."

"என்னங்க?"

"இன்னிக்கிப் போகவே மனசில்ல."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். வேன்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான். தரைக்காரர் ஏதோ எடுக்கிற மாதிரி லாரிப் பக்கம் போனார்.

"சரி" என்றாள். "போகணுமா, வேணாமா? சொல்லுங்க."

"போறேன்" என்றார். "மொதல்ல ஒன்கிட்ட சொல்லணும்ன. அதான் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுற்றிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒனக்குத் திங்கக்கெழம நாப்பது பாவாட குடுக்கணுமே?"

"கெடக்கட்டும். தம்பி, வண்டிய எடுங்க."